கோவிந்தன் ரத்தத்தில் நான் எண்ணியது

போன மாதம் ரேவதி போன் செய்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் இரண்டு வருடம் என்னோடு ஒரே மேசையில் இருந்தவள்.

"அக்கா, எங்களுக்குப் புது மெஷின் வந்திருக்கு. ரத்தத்த உள்ள விட்டா போதும், வெள்ளணுவ எல்லாம் வகைவகையா எண்ணி, இதுக்கும் அதுக்கும் இன்னா விகிதம்னு அதுவே அச்சடிச்சுக் குடுக்குது. கிட்னி கேன்சர், மூத்திரப்பை கேன்சர் பேஷண்டுங்களுக்கு அந்த நம்பர் ஜாஸ்தியா இருந்தா ஆபரேஷன் பண்ணியும் தேற மாட்டாங்களாமே? நீங்க அந்தக் காலத்துலயே கண்ணால எண்ணிப் பாத்து கரெக்டா சொல்லுவீங்களாம். செல்வி சிஸ்டர் சொன்னாங்க."

செல்வி எங்கள் வார்டில் நர்ஸாக இருந்தவள். ரேவதியிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதித் தரேன்டி" என்று வைத்துவிட்டேன்.

என் பெயர் ஹாஜிரா. அத்தாவுக்குக் கடைவீதியில் கயிறும் கோணிப்பையும் விற்கிற கடை. பிளஸ் டூ முடித்ததும் கடலூரில் ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு, பிறகு கல்யாணம், பிறகு வேலை. ஊருக்குள்ளேயே ஒரு சின்ன தனியார் அறுவைச் சிகிச்சை மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். அந்த மருத்துவமனை இப்போது இல்லை. கட்டடத்தில் மரச்சாமான் கடை நடக்கிறது.

எங்களிடம் வந்த சிறுநீரக அறுவை மருத்துவர் டாக்டர் மாசிலாமணி. செவ்வாயும் வெள்ளியும் சேலத்திலிருந்து வருவார். வந்ததும் வார்டுக்குப் போக மாட்டார். நேராக லேபுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் மைக்ராஸ்கோப்பில் குனிவார். உட்கார மாட்டார். நாற்காலியை நகர்த்தி வைத்தாலும், "பரவாயில்லைங்க" என்று நின்றபடியே பார்ப்பார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்றால், அவர் சொல்வதைக் கேட்க நாம் கிட்டத்தில் போக வேண்டியிருக்கும்.

எனக்கு வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்த முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போயிற்று. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் விளிம்பால் இழுத்துப் பரப்பினால், நாக்கு மாதிரி மெல்லிய படலம் வர வேண்டும். என்னுடையது தடிப்பாக இருந்தது. "மறுபடி இழுங்க" என்றார். இழுத்தேன். "மறுபடி." அன்று பதினோரு சில்லு இழுத்தேன். காய வைத்து, நீல ஊதாச் சாயம் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து அதன்மேல் சாயம் சரியாகப் பிடிக்க உதவும் 'பஃபர்' நீர் விட்டு, ஊதிக் கலந்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். நான் ஏழு நிமிடத்தில் கழுவினால் அவருக்கு நிறத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு எண்ணுவது. எண்ணெய் வைத்துப் பார்க்கிற லென்ஸில் படலத்தின் ஓரத்திலிருந்து உள்ளே, மேலே, திரும்ப ஓரத்துக்கு என்று கோட்டை மதிலின் பல்வரிசை போல நகர்ந்து நூறு வெள்ளணுக்களை எண்ணுவோம். முக்கியமாக இரண்டு வகை. உட்கரு மூன்று நான்கு துண்டாக மடிந்திருப்பது நியூட்ரோஃபில். உடம்பில் எங்கே சீழ் பிடித்தாலும் புண் வந்தாலும் இது பெருகும். உருண்டையான ஒரே உட்கரு உள்ளது லிம்போசைட். உடம்பு தளர்ந்தால் இது குறையும். முதலாவதின் எண்ணிக்கையை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் ரேவதி சொன்ன விகிதம். நல்ல உடம்பில் இரண்டு, இரண்டரை இருக்கும்.

டாக்டரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. சிறுநீரகத்திலோ, சிறுநீர்க்குழாயிலோ, பையிலோ புற்றுநோய் என்று அவர் கத்தி வைத்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஆல்புமின் என்கிற புரதம் எவ்வளவு, இந்த விகிதம் எவ்வளவு. அதன் கீழே ஆள் எப்படி ஆனார். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது நோட்டு லேபில்தான் இருக்கும். படிக்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. நான் படித்தேன். இரண்டு மூன்று வருடத்தில் எனக்கே பிடிபட்டது. விகிதம் நாலு, அஞ்சு என்று ஏறின பக்கங்களில் பெரும்பாலும் கீழே, ஆள் இறந்ததைக் காட்டும் ஒரு சின்னச் சிலுவைக் குறி இருந்தது.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒருவர் வந்தார். மூத்திரப்பையில் கட்டி. ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருந்தார். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். விகிதம் ஆறுக்கு மேல் வந்தது. செல்வி, "இவருக்கு இன்னாக்கா, கல்லு மாதிரி கீறாரு, ஒரு வாரத்துல வூட்டுக்குப் போய்டுவாரு" என்றாள். நான், "பாத்துக்கினே இரு, இந்த வருசம் தாண்ட மாட்டாரு" என்றேன். அறுவை நன்றாகத்தான் நடந்தது. ஐந்தாவது மாதம் நுரையீரல் முழுக்கப் பரவி இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று செல்வி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பயமும் மரியாதையும் கலந்த பார்வை. எனக்கு அது பிடித்திருந்தது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுத முடியாது.

அதற்குப் பிறகு வார்டில் யார் சேர்ந்தாலும் நர்ஸுகள் லேப் வாசலில் வந்து, "அக்கா, இவரு எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். நாலைந்து முறை சொன்னபடியே நடந்தது. டாக்டருக்கு இது தெரியாது.

அப்படி இருக்கையில்தான் கோவிந்தன் வந்தார்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத ஒரு சிற்றூர். சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். மழை இல்லாத மாதங்களில் மலைப்பாதைக்குத் தார் போடுகிற வேலைக்குப் போவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓயாமல் பீடி. ஆறு மாதமாக வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போயிருக்கிறது. முதல் தடவை வந்தபோது டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். வலது சிறுநீரகத்தில், சிறுநீர் சேர்கிற இடத்தில் கட்டி. வெளியே பரவின அடையாளம் இல்லை. சிறுநீரகத்தையும் அதிலிருந்து இறங்குகிற குழாயையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்த வாரம் சேரச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தார்கள். கூட அவர் மனைவி காசியம்மா. மலையிலிருந்து வந்த களைப்பில் கோவிந்தன் சுருண்டு படுத்துக் கிடந்தார். லேசாகக் காய்ச்சல் இருந்தது. கட்டியினால் வருகிற காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்தோம். திங்கட்கிழமை காலை நான் ரத்தம் எடுத்தேன். சில்லு இழுத்தேன். சாயம் சரியாகப் பத்து நிமிடம். எண்ணினேன்.

நியூட்ரோஃபில் எண்பத்து நாலு. லிம்போசைட் பத்து. எட்டு புள்ளி நாலு.

அவ்வளவு பெரிய எண் அந்த நோட்டில் இரண்டே பக்கங்களில்தான் இருந்தது. இரண்டிலும் சிலுவைக் குறி.

மதியம் காசியம்மா லேப் வாசலில் வந்து நின்றாள். நர்ஸுகள் என்னைப் பற்றி அவள் காதிலும் போட்டிருக்கிறார்கள்.

"யம்மா, நீதான் ரத்தத்தப் பாத்தே ஆளு பொழைப்பானா மாட்டானான்னு சொல்லுவியாமே."

"அப்டியெல்லாம் இல்லம்மா. நாளைக்கு டாக்டர் வருவாரு. அவரக் கேளுங்க."

"டாக்டரு அறுக்கணும்னுதான் சொல்லுவாரு. அறுத்து, அவரு இங்கயே செத்துட்டா பொணத்த எப்டிம்மா மலைக்கு ஏத்துவேன்? நீ பொம்பள. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அறுத்தா பொழைப்பாரா?"

நான் கதவைச் சாத்தியிருக்கலாம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன்.

"ரத்தம் நல்லா இல்லம்மா" என்றேன். "அறுத்தாலும் ரொம்ப நாள் இல்ல. வூட்டுக்கு இட்டுக்கினு போயி, அவருக்குப் புடிச்சத ஆக்கிப் போட்டு, நல்லபடியா வச்சுக்கோ."

அவள் அழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்காக. ஒரு குடும்பத்துக்கு உதவி செய்த நிறைவோடு அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து போனேன்.

மறுநாள் காலை செல்விதான் ஓடி வந்தாள். "அக்கா, ஆறாம் நம்பர் கட்டிலு காலி. விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்குக் கெளம்பிப் போய்ட்டாங்களாம். கையெழுத்துகூடப் போடல."

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "கோவிந்தன் எங்கங்க?" என்று கேட்டார். செல்வி தரையைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். காசியம்மா கேட்டதும், நான் சொன்னதும், சொல்லுக்குச் சொல்.

அவர் பேசியபோது நான் கிட்டே போக வேண்டியிருந்தது.

"ஸ்லைடை எடுங்க."

எடுத்து வைத்தேன். அவர் குனியவில்லை. "நீங்க பாருங்க" என்றார். "எண்ணாதீங்க. எண்ணிக்கை எனக்கு வேண்டாம். ஒரு நியூட்ரோஃபில்லைப் பிடிங்க. அது எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பிடித்தேன். "உட்கரு மூணு துண்டு."

"சரி."

"அதச் சுத்தி..." அங்கேயே என் பேச்சு நின்றுவிட்டது. உட்கருவைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக, கரடுமுரடாகத் துகள்கள். அடுத்ததற்கு நகர்ந்தேன். அதிலும். அடுத்ததிலும். நூற்றுக்கு எண்பத்து நாலு அணுக்களை நேற்று ஒவ்வொன்றாகக் கடந்து போயிருக்கிறேன். எண்பத்து நாலிலும் அந்தத் துகள்கள் இருந்திருக்கின்றன. கிருமியோடு வெள்ளணு மும்முரமாகப் போராடும்போது வருகிற துகள்கள் அவை. கடலூரில் படித்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது. உடம்பில் எங்கேயோ சீழ் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு அணுவும் சொல்லியிருக்கிறது. நான் எண்பத்து நாலைப் பத்தால் வகுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கத் தைரியம் இல்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இந்த நம்பர் கட்டியால வந்ததா, சீழால வந்ததான்னு நேத்து யாருக்கும் தெரியாது" என்றார் டாக்டர். "எனக்கும் தெரியாது. இன்னைக்கு அவரை உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்திருப்பேன். சீழை எடுத்துட்டு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எண்ணச் சொல்லியிருப்பேன். நீங்க என் நோட்டைப் பார்த்துத்தானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அந்த நோட்டு நூறு பேரைப் பத்திச் சொல்லும்ங்க. நூறு பேர்ல யாருக்கு அதிகக் கவனம் வேணும்னு தெரிஞ்சுக்கத்தான் நான் எழுதறேன். ஆறாம் நம்பர் கட்டில்ல படுத்திருக்கிற ஒருத்தரைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது." கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. நான் ஆள் விட்டா வர மாட்டாங்க. உங்க வார்த்தையை நம்பித்தான் போயிருக்காங்க. நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் நான் போகவில்லை.

அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை ஆறாத இடம். தவறாகச் சொன்னது அறியாமையும் திமிரும். போகாமல் இருந்ததற்கு அந்தப் பெயர்கூட இல்லை. காசியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. வெள்ளிமலைக்கு ஓடுகிற ஜீப் டிரைவர் ஒருவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும், உடனே வரவும்.' வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்டார். சேதி சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் ஜீப் டிரைவர் வந்தார். "குடுத்தேம்மா. அந்தம்மா, 'இனிமே இன்னாத்துக்கு ரத்தம்'னு கேட்டுட்டு அடுப்புல போட்டுட்டாங்க" என்றார். அதற்குப் பிறகும் நான் ஒரு வாரம் கடத்தினேன்.

கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காதருக்குச் செருப்புக் கடை. என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காதவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சோறு சரியா துன்னாததப் பாத்து ஒடம்புக்குத்தான் இன்னாவோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இருவருமாகக் காலை பஸ்ஸில் ஏறினோம்.

வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் கொஞ்ச தூரம், பிறகு நடை. சாமை அறுத்துவிட்ட கொல்லைகள். வழி கேட்ட ஒரு பெரியவர், "கோவிந்தன் வூடா? பந்தல் போட்ட வூடு" என்று கை காட்டினார்.

காதர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

பந்தலில் வாடின மாவிலை தொங்கியது. இரண்டு வாழை மரம். பந்தலுக்கு அடியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, கொடுவாளால் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோவிந்தன்.

"வாங்கம்மா, வாங்கம்மா" என்று எழுந்து நடந்து வந்தார். ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்த ஆள் இல்லை. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது.

"காய்ச்சல்?" என்றேன்.

"அது எப்பவோ போச்சும்மா. இதப் பாருங்க." வலது காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். குதிகாலுக்குச் சற்று முன்னே காய்ந்த ஒரு குழி. "மூங்கில் சிலாம்பு ஏறிக்கினு ஒரு மாசமா உள்ளயே இருந்துகீது. வூட்டுக்கு வந்ததும் எம் பொண்டாட்டி பச்சிலை வச்சுக் கட்டுனா. சும்மா ஒரு டம்ளர் சீழு வந்துச்சு. அன்னிலேர்ந்து காய்ச்சலே இல்ல."

"ஆஸ்பத்திரில ஏன் சொல்லல?"

"மூத்தரத்துக்கு வந்த எடத்துல காலக் காட்டுவாங்களாம்மா?"

எட்டு புள்ளி நாலு. ஒரு மூங்கில் சிலாம்பு.

காசியம்மா உள்ளேயிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்கவில்லை. "நீ சொன்ன மாதிரியேதாம்மா செஞ்சேன்" என்றாள். "அவருக்குப் புடிச்சத ஆக்கிப் போடுறேன். அவரு கண்ணால பாக்கணும்னு பொண்ணுக்கும் முடிச்சுட்டேன்."

"எந்தப் பொண்ணு?"

"ஒரே பொண்ணுதானே. சித்ரா. வெள்ளிமலை ஆஸ்டல்ல படிச்சுக்கினு இருந்தாளே, அவதான். எங்கண்ணன் மவனுக்குக் குடுத்துட்டோம். இன்னியோட நாலு நாளு ஆவுது."

"இன்னா படிச்சுக்கினு இருந்தா?"

"பன்னண்டாவது. அடுத்த மாசம் பெரிய பரீட்சயாம். அவளுக்கு நர்ஸு வேலைக்குப் படிக்கணும்னு ஆச. அழுதா, மூணு நாளு சோறு துன்னல. நான் இன்னாம்மா பண்றது? அப்பன் உசுரோட இருக்கச்சொல்லவே தாலி ஏறணுமில்ல? நீதான ரொம்ப நாள் இல்லன்னு சொன்ன."

காதர் திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் மனதில் நாட்களை எண்ணினேன். அன்று எண்ணாமல் இருந்திருக்கலாம். டாக்டர் போகச் சொன்னதிலிருந்து இருபது நாள். கல்யாணம் நடந்து நாலு நாள். சொன்ன அன்றே கிளம்பியிருந்தால், அடுத்த நாள் கிளம்பியிருந்தால், ஜீப்காரர் திரும்பி வந்த அன்றாவது கிளம்பியிருந்தால், அந்தப் பெண் இப்போது வெள்ளிமலை விடுதியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

"அவ எங்க?"

"ரெண்டு பேரும் குடகுக்குப் போய்ட்டாங்க. காப்பித் தோட்டத்துல பறிப்பு."

உட்கார்ந்து காசியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்த்தது தப்பு என்று. கட்டி இருக்கிறது, ஆனால் அறுத்து எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று. அவளுக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் பந்தலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "அப்ப எம் பொண்ணு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோவிந்தன் எங்களோடு அன்றே கிளம்பினார். செவ்வாய்க்கிழமை டாக்டர் அவருடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மறுபடி ரத்தம் எடுத்தேன். அறுபத்து மூன்றும் இருபத்தெட்டும். இரண்டேகால். துகள்கள் இல்லை. லேபில் டாக்டரிடம் எண்ணைச் சொல்லிவிட்டு, மலையில் நடந்ததையும் சொன்னேன். பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் என் லேபில் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான்.

"உள்ளங்காலை முதல் தடவை வந்தப்பவே நான் பார்த்திருக்கணும்ங்க" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, தன்னைத்தான் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "இந்தப் பக்கத்தை நீங்க எழுதுங்க. ரெண்டு நம்பரையும் போடுங்க. நடுவுல என்ன நடந்ததுன்னும் எழுதுங்க."

எழுதினேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

அறுவைக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. சிறுநீரகத்தையும் குழாயையும் அது பையில் சேருகிற இடத்தையும் ஒரே துண்டாக எடுத்தார். பரிசோதனையில் கட்டி சுவரைத் தாண்டவில்லை என்று வந்தது. பத்தாம் நாள் கோவிந்தன் நடந்து வீட்டுக்குப் போனார். அன்று முதல் நான் எழுதின ஒவ்வொரு அறிக்கையிலும் எண்களுக்குக் கீழே அணுக்கள் எப்படி இருந்தன என்று ஒரு வரி எழுதினேன். வாசலில் வந்து கேட்டவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. நர்ஸுகள் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். செல்வி மட்டும் நான் முன்பு சொன்னது பலித்த கதைகளையே நினைவில் வைத்துக்கொண்டாள்.

இவ்வகைக் கட்டி மூத்திரப்பையில் திரும்ப வரலாம் என்பதால் கோவிந்தன் சோதனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நன்றாகவே இருந்தார். நாலாவது வருடம் அவரோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. வந்த இடத்தில் அவளுக்கும் ரத்தம் பார்த்துவிடச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். சீட்டில் பெயரைப் படித்தேன். சித்ரா.

குழந்தையை அவள் அப்பாவிடம் கொடுத்து வெளியே அனுப்பினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சுவரில் இருந்த அணுக்களின் படத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது நியூட்ரோஃபில்தானேக்கா? உயிரியல் புக்குல இருந்துச்சு."

"ஆமா."

"எனக்கு எல்லாப் பாடத்தவிட அதுதான் புடிக்கும்." வெளியே அப்பா இருந்த பக்கம் திரும்பினாள். "எங்கப்பாவ இப்டிப் பாக்கச்சொல்ல சந்தோசமாதான் இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் உள்ள கேட்டுக்கினே இருக்கு. அவரு பொழைக்க மாட்டாருன்னு இங்க யாரோ சொன்னாங்களாம். எங்கம்மாகிட்ட எத்தினியோ வாட்டி கேட்டுட்டேன். யாருன்னு சொல்லவே மாட்டேங்குறாங்க. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

நாலு வருடமாகக் காசியம்மா என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. கையில் ஊசி இருந்தது. கீழே வைத்தேன்.

"நான்தான்" என்றேன்.

அவள் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. என் முகத்தையே பார்த்தாள். ரத்தத்தில் தப்பாகப் பார்த்ததைச் சொன்னேன். டாக்டர் உடனே போகச் சொன்னதையும், நான் இருபது நாள் போகாமல் இருந்ததையும் சொன்னேன். அவளுக்குக் கல்யாணம் ஆகி நாலு நாள் கழித்துத்தான் வந்தேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்பு கேட்க நினைத்தேன். அந்த வார்த்தை அவளுக்கு எதற்கு உதவும் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே அவள் குழந்தை சிணுங்கிற்று. கோவிந்தன் ஏதோ பாட்டுப் பாடிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

"எடுங்க" என்றாள் சித்ரா.

எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அவள் வெளியே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் சில்லு இழுப்பதையும், சாயம் ஊற்றுவதையும், குனிந்து பார்ப்பதையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, எங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். "என் ரத்தத்துல இன்னா இருக்குன்னு என்கிட்ட சொல்லுங்க."

"ரத்தம் கம்மியா இருக்கு. சிவப்பணு சின்னச் சின்னதா, வெளுத்து இருக்கு. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டா ஏறும்."

"வேற?"

"இதுல தெரியறது அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அறிக்கையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புரியாத இரண்டு இடங்களில் விரலை வைத்துக் கேட்டாள். சொன்னேன். காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கப் போனாள்.